அளவுகோல் யார் கையில்?

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்துருவம்)



மறைந்துபோன பழைய சந்தைகளுக்கு மீண்டும் உயிர் கொடுப்பது பற்றி நாலு வார்த்தை பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். பழைமையைப் புதுப்பிக்கின்றோம் என்ற குரல் இன்று உலகின் பல பாகங்களிலும் கேட்கின்றது. பறை முழங்குகின்றது. பழைய உடை தரித்த இளைஞர் ஊர்வலம் வருகின்றனர். படம் பிடிப்போர் படம் பிடிக்கின்றனர். பொழுது சாய்ந்ததும் எல்லாம் முடிந்துவிடுகின்றது. மறுநாட் காலையில் உழவன் தன் மரக்கறி மூட்டைகளை லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு அதே சந்தைக்குப் போகின்றான். அதே தராசின் முன்னே கைகட்டி நிற்கின்றான். விழாவினால் அவனுக்கு விளைந்த நன்மை யாது?

இக்கேள்வியை மனத்திற் கொண்டே ஓர் அயல்நாட்டுச் சந்தையின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கப் போகின்றோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்து, 1933 இல் இறுதியாகக் கூடி, 2004 இல் மீண்டும் கண்விழித்த சந்தை அது. எம் நாட்டின் பெருமகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் கல்வி பயின்ற கேம்பிரிட்ஜ் நகரின் ஓரத்தில், கேம் ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடிய ஸ்டவர்பிரிட்ஜ் சந்தையே அது. இதன் பெருமை பேசுவது மட்டும் எமது நோக்கமன்று. ஒரு சந்தையின் உயிர்நிலை எங்கே இருக்கின்றது என்பதை அதன் வரலாறு காட்டும்.

நோயாளரின் சந்தை

கேம்பிரிட்ஜ் நகருக்கு வெளியே, 1125 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட சிறியதொரு கற்கோயில் இன்றும் நிற்கின்றது. மரிய மதலேனாள் பெயரால் அமைந்த தொழுநோயாளர் தேவாலயம் அது. ஊரார் ஒதுக்கிய நோயாளர் ஊருக்கு வெளியே வாழ்ந்தனர். அவர்களுக்கு நிலமில்லை, தொழிலில்லை, உழைக்கக் கையுமில்லை. அவர்களைப் போஷிக்க வழியென்ன என்று எண்ணிய ஜோன் மன்னன், ஆண்டுதோறும் செப்டெம்பர் 14 ஆம் நாளாகிய திருச்சிலுவைத் திருநாளையொட்டி மூன்று நாட்கள் சந்தை கூட்டி, அதன் வருமானத்தை அந்நோயாளர் பொருட்டுச் செலவிட 1199 இல் அனுமதி வழங்கினான் என்பர். 1211 இல் முதற் சந்தை கூடியது என்பதும் வழிவழி வந்த கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசன் பொற்காசு கொடுக்கவில்லை, உரிமை ஒன்றைக் கொடுத்தான். பொற்காசு ஒரு பருவத்தில் தீர்ந்திருக்கும். உரிமையோ எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அச்சந்தை எந்த நோயாளருக்காகப் பிறந்ததோ அவர்கள் 13 ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அவ்விடத்தில் இல்லாதொழிந்தனர். ஆயினும் சந்தை வளர்ந்தது. மூன்று நாட் சந்தை பல வாரச் சந்தையாயிற்று. கோயிலின் கைவிட்டு நகரசபையின் கைக்கு வந்தது. 1589 இல் எலிசபெத் அரசி வழங்கிய சாசனம் இதனை இங்கிலாந்திலேயே மிகப் பெரியதும் மிகப் புகழ்வாய்ந்ததுமான சந்தையாகப் பேசுகின்றது.

சட்டத்தின் கண்ணில் சந்தை

அக்காலத்து இங்கிலாந்தில் நினைத்தவர் நினைத்த இடத்திற் கடை விரித்தல் இயலாது. சந்தை என்பது அரசன் சாசனத்தால் அளிக்கும் உரிமை. உரிமை பெற்றவன் தீர்வை வாங்கலாம். ஆனால் வாங்கிய தீர்வைக்கு ஈடாக அவன் தலையில் மூன்று கடமைகள் ஏறின. வழிப்போக்கருக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். அளவையும் நிறையையும் நேர்மையாகக் காத்தல் வேண்டும். வழக்கு எழுந்தால் அவ்விடத்திலேயே நீதி வழங்குதல் வேண்டும். தீர்வை மட்டும் வாங்கிக்கொண்டு கடமையை மறந்தவன் உரிமையையே இழக்கக்கூடும் என்பது சட்டம்.

ஒரு சந்தைக்கு அருகே மற்றொரு சந்தை எவ்வளவு தூரத்தில் வரலாம்? 13 ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் பிராக்டன் இதற்குக் கூறிய விடை உழவர் செவிக்கு இனிக்கும். மனிதன் ஒருவன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் இருபது மைல் என்று கொள்க. அதனை மூன்றாகப் பகுக்க. முதற் பங்கு சந்தைக்குப் போவதற்கு, நடுப்பங்கு விற்கவும் வாங்கவும், கடைசிப் பங்கு பொழுதோடு வீடு திரும்புவதற்கு. ஆகவே ஆறு மைலும் மூன்றிலிரு பங்கும் எல்லை, அதற்குள்ளே புதிய சந்தை வந்து பழையதைக் கெடுத்தலாகாது என்றார். இருட்டுமுன் உழவன் வீடு சேரவேண்டும் என்ற கவலை அந்தச் சட்டத்தின் அடியிலே கிடக்கின்றது. உழவனின் காலடியை எண்ணி வகுத்த சட்டம் அது.

உழவனும் கடைக்காரனும் செய்துகொண்ட உடன்பாடு

ஸ்டவர்பிரிட்ஜ் சந்தை கூடிய நிலத்தின் ஒரு பகுதி தானியம் விளையும் வயல். ஆண்டில் ஒரு பருவம் உழவனுக்கு, மறு பருவம் கடைக்காரனுக்கு. ஒரே நிலத்தை இருவர் எவ்வாறு சண்டையின்றி ஆண்டனர்? ‘ரொபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீபோ, 1724 இல் வெளிவரத் தொடங்கிய தம் பயண நூலில் அவ்வழக்கத்தை விரிவாகவே எழுதிவைத்தார்.

ஓகஸ்ட் மாதத்தில் குறித்த நாளுக்குள் உழவர் தம் விளைவை அறுத்து வயலை விட்டு அகற்றிவிடல் வேண்டும். அகற்றாவிடின் கடை போட வருவோர் நின்ற பயிரை மிதித்துக்கொண்டு கொட்டில் கட்டலாம். கேட்பதற்குக் கொடுமை போலத் தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு. செப்டெம்பர் மாதத்தில் குறித்த நாளுக்குள் கடைக்காரர் தம் கொட்டில்களைப் பிரித்து நிலத்தை ஒழித்துக் கொடுத்தல் வேண்டும். கொடாவிடின் உழவர் ஏரோடும் வண்டியோடும் உள்ளே நுழைந்து, நிற்பவற்றையெல்லாம் சாய்த்து மண்ணோடு மண்ணாக்கலாம். அதற்காக எவனும் வழக்குப் பேச முடியாது. சந்தை விட்டுச் சென்ற வைக்கோல், சாணம், குப்பை யாவும் உழவனுக்கே சொந்தம். அந்த எருவே நிலம் மிதிபட்டதற்கு நஷ்டஈடு.

அன்பர்களே, எம்மிடம் வரும் காணி வழக்குகளை நாம் அறிவோம். எல்லை வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்ற வாசலில் நிற்கும் குடும்பங்களையும் அறிவோம். இந்த உடன்பாட்டிலே உரிமை இருபக்கமும் இருந்தது, தண்டனையும் இருபக்கமும் இருந்தது. பலமுள்ளவனுக்கு ஒரு நாள், பலமில்லாதவனுக்கு ஒரு நாள் என்ற பேதம் இருக்கவில்லை. ஆதலினாற்றான் அது நெடுங்காலம் நின்றது. ஒரு பக்கத்தை மட்டும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒப்பந்தமன்று, உத்தரவு.

தராசுக்காக நடந்த போர்

1215 இல் ஜோன் மன்னனைப் பிரபுக்கள் வளைத்து நின்று வாங்கிய மக்னா காட்டா எனும் பெருஞ்சாசனத்தை நீங்கள் அறிவீர்கள். தனிமனித சுதந்திரம் பற்றிய அதன் பிரிவுகளை எல்லோரும் மேடையிலே பேசுவர். 35 ஆம் பிரிவைப் பேசுவோர் சிலரே. திராட்சைமது, பார்லிமது, தானியம் ஆகியவற்றுக்கு நாடெங்கும் ஒரே அளவை, துணிக்கு ஒரே அகலம், நிறைக்கும் அவ்வாறே என்று அப்பிரிவு விதிக்கின்றது. 41 ஆம் பிரிவு, வணிகர் அநியாயத் தீர்வைக்கு ஆளாகாமல் அச்சமின்றி வந்து போகும் உரிமையைத் தருகின்றது. மனிதனை விசாரணையின்றிச் சிறையிடலாகாது என்று சொன்ன அதே ஏட்டில் மரக்காலைக் குறைக்கலாகாது என்றும் எழுதினார்கள். இரண்டும் ஒரே சுதந்திரத்தின் இரு முகங்கள் அல்லவா?

ஆனால் அளவை ஒன்றென்று எழுதினாற் போதுமா? அளவுகோல் யார் கையில் இருக்கும் என்பதே அடுத்த கேள்வி. கேம்பிரிட்ஜில் அதற்காக ஒரு நெடும் போரே நடந்தது.

1381 இல் இங்கிலாந்தில் குடியானவர் கிளர்ச்சி மூண்டது. கேம்பிரிட்ஜ் நகரமாந்தர் தம்மை நெடுநாள் அடக்கி நின்ற சர்வகலாசாலையின் மீது பாய்ந்து, அதன் சாசனங்களையும் ஏடுகளையும் சந்தை வெளியிலே குவித்துத் தீமூட்டினர். சினந்த அரசு 1382 இல் நகரத்தைத் தண்டித்தது. எவ்வாறு தண்டித்தது? நகரத்தில் அப்பத்தின் எடை, மதுவின் அளவு, நிறைகற்கள், முகத்தலளவைகள் ஆகியவற்றைச் சோதிக்கும் அதிகாரத்தை நகரத்திடமிருந்து பறித்துச் சர்வகலாசாலையிடம் கொடுத்தது. அன்று தொட்டு ஸ்டவர்பிரிட்ஜ் சந்தையிலும் இரட்டையாட்சி. கொட்டில் வாடகையும் நீதிமன்றமும் நகரத்துக்கு, தராசும் படியும் சர்வகலாசாலைக்கு. சந்தையைத் திறந்துவைக்கும் பிரகடனத்தைக் கூட இரு தரப்பாரும் தனித்தனியே வாசித்தனர். 1856 இல் பாராளுமன்றம் தனிச்சட்டமொன்றை இயற்றிய பின்னரே அவ்வதிகாரம் சர்வகலாசாலையின் கையை விட்டு நீங்கிற்று. ஒரு கோடைக் கலகத்தில் இழந்த உரிமையை மீட்க 474 ஆண்டுகள் சென்றன.

இதிலே இரு பாடங்கள் உண்டு. ஒரு மக்களை அடக்க விரும்பும் அரசு அவர்களுடைய வாளை மட்டும் பறிப்பதில்லை, அவர்களுடைய படியையும் பறிக்கும். இது முதற் பாடம். தீமூட்டும் ஆத்திரத்தால் ஏட்டை எரிக்கலாம், உரிமையை வாங்க முடியாது. உரிமையை வாங்குவதற்கு ஏடும் எழுத்தும் ஒழுங்கான இயக்கமும் வேண்டும். இது இரண்டாம் பாடம்.

புழுதிக்கால் நீதிமன்றம்

இனி எமது தொழிலுக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். அந்நாளைய ஆங்கிலச் சந்தை ஒவ்வொன்றிலும் ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் பெயர் புழுதிக்கால் நீதிமன்றம். பிரெஞ்சு மொழியிலே ‘புழுதி படிந்த பாதங்கள்’ என்ற சொற்கள் மருவி ‘பைபவுடர்’ ஆயின. வழி நடந்து வந்த வணிகனும் உழவனும் காலிலுள்ள புழுதியைத் தட்டுமுன்னே நீதி கேட்டு நிற்கலாம் என்பதே அப்பெயரின் பொருளென்று கொள்வர்.

ஊர் ஊராய்த் திரியும் வணிகன் ஆறு மாதத் தவணைக்குக் காத்திருக்க முடியுமா? முடியாது. ஆகவே வழக்கு வந்த நாளிலேயே விசாரணை, ஒன்றரை நாளுக்குள் தீர்ப்பு என்பதே அம்மன்றத்தின் வழக்கம். உண்மை எது என்று தீர்மானிப்போர் அங்கு கூடிய வணிகரே. குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவன் குதிரை வழக்கைக் கேட்டான். 18 ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டன் இதனை இங்கிலாந்தின் நீதிமன்றங்களுள் மிகத் தாழ்ந்ததும் மிக விரைந்ததும் என்று குறிப்பிட்டார். தாழ்ந்தது என்பதனால் அதற்கு இழுக்கில்லை. ஏழைக்கு எட்டும் உயரத்திலே இருந்தது என்பதே அதன் பொருள்.

வேற்று நாட்டு வணிகனுக்கு நீதி எப்படிக் கிடைத்தது? முதலாம் எட்வேட் மன்னன் 1303 இல் வெளியிட்ட வணிகர் சாசனம், அந்நிய வணிகன் ஒரு கட்சியாக நிற்கும் வழக்கில், மரண தண்டனைக்குரிய குற்றம் தவிர்ந்த ஏனையவற்றில், யூரிமாரிற் பாதிப்பேர் அவனுடைய நாட்டு வணிகராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சட்ட நூல்கள் இதனை இலத்தீன் மொழியில் ‘பாதி நாவின் யூரி’ என்று வழங்கின. 1870 வரை இங்கிலாந்தில் அந்நியருக்கு இவ்வுரிமை நின்றது. தன் மொழி அறிந்தவன் ஒருவனேனும் தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் இல்லாவிடின் அந்நீதி நீதியாகாது என்பதை 1303 ஆம் ஆண்டிலேயே ஓர் அரசன் ஒப்புக்கொண்டான். கற்பூரமும் மிளகும் கம்பளியும் விற்க வந்தவனுக்கு அளிக்கப்பட்ட மரியாதை அது!

இம்மன்றங்களிலும் ஊழல் புகுந்தது. சந்தைக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கல்களையும் பொய்யாக உள்ளே இழுத்து, சந்தை அதிகாரிகள் வணிகரை வருத்தினர். மக்கள் சந்தைக்கு வரவே அஞ்சினர். 1477 இல் பாராளுமன்றம் தலையிட்டது. வழக்கிற்குரிய காரியம் இதே சந்தையில், இதே சந்தை நாட்களில் நடந்தது என்று வழக்காளி சத்தியம் செய்தாலன்றி வழக்கை எடுக்கலாகாது என்று சட்டமியற்றியது. பழைய காலம் யாவும் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்திலும் கள்ளப்படி இருந்தது, கைக்கூலி இருந்தது. அவற்றைத் தடுக்கச் சட்டமும் இருந்தது என்பதே செய்தி. பிரிஸ்டல் நகரில் பெயரளவில் எஞ்சியிருந்த புழுதிக்கால் நீதிமன்றம் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

உச்சமும் வீழ்ச்சியும்

டீபோ கண்ட ஸ்டவர்பிரிட்ஜ் சந்தை ஒரு தற்காலிகப் பட்டினம். தெருத் தெருவாகக் கொட்டில்கள். கம்பளித் துணிக்கெனத் தனிச் சதுக்கம். அங்கே ஒரு வாரத்திற்குள் ஒரு இலட்சம் பவுண் பெறுமதியான கம்பளிச் சரக்கு விலைப்பட்டது எனத் தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் எழுதுகின்றார். மதுவுக்குக் கசப்பூட்டும் ஹொப் எனும் பூங்காய்க்கு இங்கிலாந்து முழுவதற்கும் விலை இங்கேயே முடிவாயிற்று. இலண்டனிலிருந்து வாடகை வண்டிகள் வந்து மக்களை ஏற்றி இறக்கின. ஞாயிற்றுக்கிழமையில் அதே சதுக்கத்திற் பிரசங்கம். காலை முதல் இரவு வரை புழுதிக்கால் நீதிமன்றம். மாணவனாயிருந்த ஐசாக் நியூற்றன் ஒளியைப் பகுத்துப் பார்த்த முப்பட்டைக் கண்ணாடியை இச்சந்தையிலேயே வாங்கினார் என்று அவருடைய மருமகளின் கணவர் குறித்துவைத்துள்ளார்.

இத்தகைய சந்தை ஏன் வீழ்ந்தது? எவரும் படையெடுத்து அழிக்கவில்லை. நல்ல தெருக்கள் வந்தன, கால்வாய்கள் வந்தன, 1845 இல் கேம்பிரிட்ஜுக்குப் புகைவண்டி வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வாங்கிய சரக்கை அன்றாடம் கடையிலே வாங்கலாம் என்றாயிற்று. மொத்த வியாபாரம் போயிற்று, வேடிக்கை மட்டும் எஞ்சிற்று. சந்தை நிலத்தில் வீடுகள் எழுந்தன. 1933 இல் நகரசபையார் இறுதி முறையாகச் சந்தைப் பிரகடனத்தை வாசித்தபோது கேட்க நின்றவர் மிகச் சிலர். 1934 இல் உள்நாட்டு அமைச்சரின் உத்தரவால் சந்தை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சாசனம் பிறப்பித்த சந்தைக்கு உத்தரவு ஒன்றே மரணபத்திரம் எழுதிற்று.

எஞ்சியவை எவை? உள்ளித் தெரு, சிப்பித் தெரு, துணிவணிகர் தெரு என்ற பெயர்கள் இன்றும் அந்நகரில் உண்டு. ஆற்றங்கரைப் புல்வெளி பொது நிலமாகவே இருக்கின்றது. அந்தத் தொழுநோயாளர் தேவாலயமும் இருக்கின்றது. அது தப்பிய விதம் விந்தையானது. வழிபாடு நின்றுபோன பின்னர் அது சந்தைக் கொட்டில்களின் மரங்களை அடுக்கும் களஞ்சியமாயிற்று. களஞ்சியமாகப் பயன்பட்டமையாலேயே எவரும் அதை இடிக்கவில்லை. சந்தையைக் கோயில் பெற்றது. முடிவில் கோயிலைச் சந்தை காத்தது.

மீண்டும் எழுந்த சந்தை

1951 முதல் அத்தேவாலயம் நகரின் பழைமையைப் பேணும் தரும நிறுவனமொன்றின் பொறுப்பில் இருந்து வருகின்றது. 2004 இல் ஊர்த் தொண்டர்கள் அத்தேவாலய வளவிலேயே ஸ்டவர்பிரிட்ஜ் சந்தையை மீண்டும் கூட்டினர். செப்டெம்பர் மாதத்தில் ஒரு நாள். கைப்பணிக் கடைகள், பழைய இசை, பழைய உடை, வரலாறு கூறும் பேச்சுக்கள். பல வாரங்கள் நீண்ட பெருஞ்சந்தை ஒரு கோயில் முற்றத்தில் ஒரு நாட் சந்தையாகச் சுருங்கி நிற்கின்றது. இலண்டனில் 1133 இல் சாசனம் பெற்று 1855 இல் ஒழிந்த பார்த்தலோமியு சந்தையையும் அந்நகர ஆட்சியினர் 2023 இல் புதுப்பித்தனர்.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? வேடிக்கை என்று எள்ளி நகையாடுவோர் உளர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். பிள்ளைகள் தம் தெருவுக்கு உள்ளித் தெரு என்று ஏன் பெயர் வந்தது என அறிந்துகொள்வது சிறிய காரியமன்று. பெயரின் பொருளை மறந்த ஊர் பெயரை மாற்ற வருவோனை எதிர்த்து நிற்கமாட்டாது. புல்வெளி பொது நிலம் என்பதை ஆண்டுதோறும் கால் பதித்து நினைவூட்டுவதும் நன்றே. பல காலம் கேட்பாரற்றுக் கிடந்த கோயிலின் முற்றத்தில் ஆண்டுக்கொரு நாளேனும் ஊர் கூடுவதும் நன்றே.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே உயிர்பெற்றது சந்தையின் உடல் மட்டுமே. அதன் தராசும் அதன் மன்றமும் திரும்பி வரவில்லை. வரவேண்டிய தேவையும் அங்கில்லை. ஏனெனில் அவ்விரண்டையும் அந்நாட்டின் பொதுச்சட்டம் வேறு வழியாகத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அவர்கள் உடையை மட்டும் புதுப்பிக்கலாம். எமக்கு அந்த வசதி உண்டா?

எமது மண்ணின் சாட்சி

இவையெல்லாம் வெள்ளையரின் வரலாறு, எமக்கென்ன என்று எவரும் எண்ணவேண்டாம். நாளங்காடி, அல்லங்காடி எனப் பகற்சந்தையையும் இரவுச்சந்தையையும் வேறு பிரித்துப் பெயரிட்டது எம் மொழி. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் நின்ற வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. மாதோட்டம் இராசராசபுரம் என்ற பெயரோடு விளங்கிய சோழர் காலத்தில், அங்கு எழுந்த இராசராச ஈச்சரத்தின் பூசைக்கும் திருவிழாவுக்கும் நிவந்தம் ஏற்படுத்திய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கின்றது. ஐந்நூற்றுவர் எனும் வணிக கணத்தாரின் தமிழ்க் கல்வெட்டுகள் பதவியா, வாகல்கட முதலிய இடங்களில் உள்ளன. தம்மையும் தம் சரக்கையும் காத்த வீரரை அவ்வணிகர் பெயர்சொல்லிப் போற்றினர், காவலுள்ள வணிக ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்று பெயரிட்டனர்.

இத்தீவின் சிங்கள அரசரும் இந்நீதியை அறிந்திருந்தனர். 10 ஆம் நூற்றாண்டிற் பொறிக்கப்பட்ட பதுளைத் தூண் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உதய மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகமச் சந்தையின் வணிகரும் ஊராரும் அவன் முன் முறையிட்டனர். அதிகாரிகளின் ஆட்கள் சட்டத்துக்கு மாறாக எம்மிடம் அறவிடுகின்றனர் என்பதே அம்முறைப்பாடு. அரசன் கேட்டான். விதிகள் வகுக்கப்பட்டன. எங்கே தீர்வை வாங்கலாம், எங்கே வாங்கலாகாது, எவ்வளவை செல்லும், எந்நாளிற் சந்தை கூடலாகாது என்றெல்லாம் கல்லிலே வெட்டிச் சந்தையிலே நிறுத்தினர். ஜோன் மன்னன் சாசனத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது இது. முறையிட்டவர் வணிகர், செவிமடுத்தவன் அரசன், சாட்சி கல். இதைவிட உயர்ந்த மரபுரிமை எமக்கு வேறு வேண்டுமா?

இன்று செய்யக்கூடியவை

இப்பொழுது எம் சந்தைகளைப் பார்ப்போம். எடையிற் கழிவு என்று சொல்லி உழவனின் மூட்டையிலிருந்து ஒரு பங்கை விலையின்றி எடுத்துக்கொள்ளும் வழக்கம் பற்றி வடபகுதி விவசாயிகள் பன்னாளாகக் குறைகூறி வருகின்றனர். நூறு கிலோ கொண்டுபோனவனுக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு என்றால் மீதிப் பத்துக் கிலோவுக்கு நீர் இறைத்தவன் யார்? உரம் இட்டவன் யார்? அழுகற் காயைக் கழிப்பது நியாயம். அழுகாத காயையும் அழுகியதாக வைத்து எல்லோரிடமும் ஒரே வீதம் கழிப்பது நியாயமன்று. இதனை வியாபாரிகள் அனைவர் மீதும் சாட்டும் குற்றமாக நாம் கூறவில்லை. நேர்மையான வியாபாரிகள் பலர் உளர். நேர்மையானவனையும் நேர்மையற்றவனையும் பிரித்துக் காட்டும் பொதுத் தராசு இல்லாமையே குறை.

சட்டம் இல்லையா? இருக்கின்றது. அளவீட்டு அலகுகள் பற்றிய 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. சந்தைகளை நடத்தும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குத் தரும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. சிறு பிணக்குகளை நீதிமன்றம் போகாமலே தீர்க்க 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம் இருக்கின்றது. ஏட்டிலே இருக்கும் சட்டத்தைச் சந்தை வாசலுக்குக் கொண்டுவருவோர் இல்லை. அதுவே உத்தியோகத்தரும் சட்டம் படித்தோரும் ஏற்கவேண்டிய தொண்டு.

நாலு காரியங்களைச் சொல்லி அமைவோம்.

முதலாவது, சந்தை வாசல் ஒவ்வொன்றிலும் சபைக்குச் சொந்தமான, முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்று நிற்கவேண்டும். எவரும் காசின்றித் தம் மூட்டையை நிறுத்துப் பார்த்த பின் உள்ளே போகலாம் என்றிருக்கவேண்டும்.

இரண்டாவது, வாடகை எவ்வளவு, தரகு எவ்வளவு, கழிவு எப்பொழுது மட்டும் செல்லும் என்பன தெளிவான தமிழில் எழுதப்பட்டு வாசலிலே நிற்கவேண்டும். ஹோபிட்டிகமத்திற் கல்லில் வெட்டினார்கள். நாம் பலகையிலாவது எழுதக்கூடாதா? சபைகள் சந்தையைக் குத்தகைக்கு விடும்போது, குத்தகை உறுதியிலேயே இவ்விதிகளைச் சேர்த்து, மீறினால் குத்தகை போகும் என்று எழுதலாம். உரிமையோடு கடமையும் சேர்ந்தே செல்லவேண்டும் என்பது பழைய சந்தைச் சட்டத்தின் அடிப்படையன்றோ?

மூன்றாவது, சந்தைப் பிணக்கைச் சந்தையிலேயே தீர்க்க உழவர் பாதி, வியாபாரிகள் பாதியாக ஒரு சிறு குழு அமையவேண்டும். 1303 இன் ‘பாதி நா’ இன்று பாதி உழவனாக இருக்கட்டும். காலையில் எழுந்த பிணக்கு மாலைக்குள் முடியட்டும். அங்கு முடியாதது மத்தியஸ்த சபைக்குப் போகட்டும்.

நாலாவது, சந்தை வருமானத்தில் ஒரு சிறு பங்கேனும் ஊரின் நோயாளருக்கும் ஆதரவற்றோருக்கும் சேரவேண்டும். ஸ்டவர்பிரிட்ஜ் சந்தை பிறந்ததே அதற்காகத்தான்.

இந்நான்கும் நடந்தபின் விழா எடுப்போம். அப்பொழுது பறை முழங்கட்டும், பழைய பாட்டு ஒலிக்கட்டும், எம் குழந்தைகள் பழைய உடை தரித்து மகிழட்டும். நாமும் முன்வரிசையில் நிற்போம். ஆனால் தராசு கோணலாய்த் தொங்கும் சந்தையிலே தோரணம் கட்டுவது மரபுரிமை ஆகாது. பழைமையின் ஆடையை எடுத்துப் பழைமையின் நீதியை விட்டுவிடுவோமாயின், மூதாதையரை வணங்கவில்லை, அவர்களுக்கு வேடம் போடுகின்றோம்.

உழவர் பெருமக்களே, கேம்பிரிட்ஜ் நகரத்தார் இழந்த படியை மீட்க 474 ஆண்டுகள் காத்திருந்தனர். நாம் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கின்றது. சபை உங்கள் வாக்கினால் அமைவது. சங்கமாகத் திரளுங்கள். அடுத்த சபைக் கூட்டத்துக்கு மனுவோடு செல்லுங்கள். மனுவை எழுதித்தரச் சட்டம் படித்தோர் ஆயத்தமாயிருக்கின்றோம். அளவுகோல் ஊரின் கையில் வரட்டும்.